ஒரே குண்டுக்கு ஒன்றரை கிலோ இரும்பு

போன இதழில் .32 ரிவால்வருக்கு (எண், குழல் விட்டம் ஏறத்தாழ எத்தனை அங்குலம் என்பது) லைசென்ஸ் வாங்குவது பற்றி ஒரு வாசகருக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் .32ஐ ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அமெரிக்காக்காரர்கள் வேட்டைக்குக் கொண்டுபோகிற பெரிய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் பற்றித்தான் எல்லாருக்கும் தெரிய வேண்டுமாம். பெங்களூர் தமிழர்களிடம் இப்படி ஓர் ஆசை இருப்பது எனக்குச் செய்தி. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே.

கேள்வி: ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் ஹேமரை இழுக்க வேண்டிய இந்தப் பழைய முறையை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? டபுள் ஆக்‌ஷன் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே சார்? (மென்பொருள் ஊழியர், எச்.எஸ்.ஆர். லேஅவுட்)

பழைய முறைதான், ஆனால் காரணமில்லாமல் பிழைத்திருக்கவில்லை. டபுள் ஆக்‌ஷனில் டிரிகர் இரண்டு வேலை பார்க்கிறது. தோட்டாவை அடிக்கும் சுத்தியலான ஹேமரைப் பின்னால் கொண்டுபோவதும் அதுவே, விடுவதும் அதுவே, அதனால் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். சிங்கிள் ஆக்‌ஷனில் ஹேமரை நீங்களே கட்டைவிரலால் இழுத்து நிறுத்திவிடுகிறீர்கள், அந்த இழுப்பிலேயே தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் ஓர் அறை திரும்பி அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்துவிடுகிறது, டிரிகருக்கு மிச்சம் இருப்பது ஹேமரை விடுவிப்பது மட்டும். லேசாகத் தொட்டால் போதும். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் மானின் முன்னங்காலுக்குப் பின்னால் கையகல இடத்தில் குண்டு போய்ச் சேர வேண்டும் என்றால் இந்த லேசான இழுப்பு பெரிய உதவி.

இரண்டாவது காரணம் உறுதி. 1873ல் கோல்ட் கம்பெனி செய்த ரிவால்வரின் உருவத்தைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். அதில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வராது. சுற்றிலும் மூடிய இரும்புச் சட்டம், நடுவே ஒரு கம்பி, அதில் சிலிண்டர், அவ்வளவுதான். வலது பக்கம் உள்ள சின்னக் கதவைத் திறந்து தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட வேண்டும், சுட்ட பிறகு குழலுக்கு அடியில் இருக்கும் கம்பியால் காலி உறையை ஒவ்வொன்றாக வெளியே தள்ள வேண்டும். நீங்கள் ஆறு தோட்டா மாற்றுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் காபி குடித்து முடித்துவிடுவார். வேட்டைக்காரனுக்கு அதில் நஷ்டம் இல்லை, ஏனென்றால் அவனுக்கு வேண்டியது முதல் குண்டு. இரண்டாவது குண்டுக்கு அநேகமாக மிருகம் அங்கே இருக்காது.

இந்தக் கதையில் எல்மர் கீத் என்ற ஆளைச் சொல்லாமல் விட முடியாது. ஐடஹோ மாநிலத்தில் பண்ணை வைத்திருந்தவர், வேட்டைக்கு வழிகாட்டியாகப் போனவர், துப்பாக்கிகளைப் பற்றி நிறைய எழுதியவர். .44 ஸ்பெஷல் என்ற பழைய தோட்டாவில் மருந்தை ஏற்றி ஏற்றிச் சுட்டுப் பார்த்து, இதையே கம்பெனிகள் முறையாகச் செய்து தர வேண்டும் என்று வருஷக்கணக்காக நச்சரித்தார். 1955ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து .44 மேக்னம் என்ற அந்தப் பலமான தோட்டாவைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷமே ரூகர் கம்பெனி அதே தோட்டாவுக்குத் தன் பிளாக்ஹாக்கை விட்டது, 1959ல் சூப்பர் பிளாக்ஹாக். கோல்ட்டில் அடிக்கடி உடைந்துபோகும் பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் ரூகர் சுருள் ஸ்பிரிங் போட்டார். சாதாரண ஆட்களும் வாங்கிச் சுடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய அமைப்பில் ஹேமர் இறங்கியிருக்கும்போது அதன் ஊசி நேராகத் தோட்டாவின் பின்புறத்தில் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கும். அதனால் ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் நிரப்புவார்கள், ஹேமர் காலி அறை மேல் நிற்கும். 1973ல் ரூகர் இடையே ஒரு தகடு வைத்து, டிரிகரை இழுத்தால்தான் ஹேமரின் அடி ஊசிக்குப் போய்ச் சேரும்படி மாற்றியது. சட்டத்தின் பக்கவாட்டில் மூன்று திருகு தெரிந்தால் அது பழைய ரூகர். யாராவது உங்கள் கையில் கொடுத்தால் முதலில் அதை எண்ணுங்கள்.

கேள்வி: என்னிடம் .32க்கு லைசென்ஸ் இருக்கிறது. பெங்களூரில் ஒரு .44 மேக்னம் வாங்க முடியுமா? மடிக்கேரியில் உள்ள என் நண்பர் "எங்கள் ஊரில் லைசென்ஸே வேண்டாம்" என்கிறார். (ஜவுளி வியாபாரி, சிவாஜிநகர்)

காகிதத்தில் முடியும், கடையில் முடியாது.

ஆயுத விதிகளில் தடை செய்யப்பட்ட ரகம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கைத்துப்பாக்கிகளில் .380, .455, 9 மி.மீ. போன்ற ராணுவ, போலீஸ் தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடியவை அதில் வரும். .44 மேக்னம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 1980களின் நடுவிலேயே வியாபாரிகள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுவிட்டது, பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்கு மட்டும் விலக்கு. அதற்கு முன்னால் வந்து சேர்ந்தவைதான் கைமாறிக் கைமாறிச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் பெரிய ரிவால்வர் அபூர்வம், கண்ணில் பட்டாலும் விலையைக் கேட்டால் ஜவுளிக் கடையில் பாதியை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படியே வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம், தோட்டாவுக்கு எங்கே போவீர்கள்? நம் ஆலைகள் .32 செய்கின்றன, .22 செய்கின்றன, .44 செய்வதில்லை. தோட்டா இல்லாத ரிவால்வரை பீரோவில் வைத்து, தேர்தல் வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டிருப்பது ஒரு பொழுதுபோக்கு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அந்த இரண்டில் ஒன்றை இதற்காக வீணாக்குவது எனக்குச் சம்மதம் இல்லை.

போட்டியிலும் இதற்கு இடம் கிடையாது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் கைத்துப்பாக்கிப் போட்டியில் 7.62 முதல் 9.65 மி.மீ. விட்டம் வரைதான் அனுமதி, மேக்னம் தோட்டாக்கள் கூடவே கூடாது. 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில்தான். உங்களிடம் இருக்கும் .32ஐ இளப்பமாக நினைக்க வேண்டாம்.

மடிக்கேரி நண்பர் சொல்வது பாதி உண்மை. குடகின் கொடவ இனத்தவருக்கும் ஜம்மா என்ற பழைய பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் விலக்கு உண்டு, 2019ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஆனால் அது அவர்களுக்கு மட்டும்தான். நண்பரிடமிருந்து உங்களுக்கு ஒட்டிக்கொள்ளாது.

கேள்வி: எச்-1பி விசாவில் டல்லாஸ் போகிறேன். அங்கே கூட வேலை செய்பவரின் மாமனாருக்குப் பெரிய பண்ணை இருக்கிறது, காட்டுப்பன்றித் தொல்லை, ".44 ரிவால்வர் தருகிறேன், வந்து சுடு" என்கிறார். டெக்சாஸில் பன்றிக்கு வேட்டை லைசென்ஸ் வேண்டாமாமே? (ஒயிட்ஃபீல்டு வாசகர்)

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பதில் எனக்கு நிம்மதி. நிறையப் பேர் கேட்காமல் போய்த்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

டெக்சாஸ் சட்டப்படி, தனியார் நிலத்தில் சொந்தக்காரர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட 2019 முதல் லைசென்ஸ் தேவையில்லை. உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் அது மாநிலச் சட்டம். அதற்கு மேலே மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. எச்-1பி, பி-2 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கவே கூடாது. வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை, துப்பாக்கி சுடும் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துப் பத்து நிமிஷம் கையில் பிடிப்பதும் சேர்ந்ததுதான். இதற்கு இருக்கும் முக்கியமான விலக்கு, ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். ஆக, பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாம், உங்களுக்கு வேண்டும். அது இல்லாமல் பிடிபட்டால் 15 வருஷம் வரை சிறை என்று 2022ல் தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள். விசா போவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டெக்சாஸ் லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31ல் முடிந்துவிடும், வாங்கிய தேதியிலிருந்து ஒரு வருஷம் என்று கணக்குப் போடாதீர்கள். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பன்றிக்காக அது கட்டாயமோ இல்லையோ, முடித்துவிட்டுப் போங்கள், நல்ல வகுப்பு.

இனி ரிவால்வர். மாமனார் நல்லவர்தான், ஆனால் ".44 தருகிறேன், வந்து சுடு" என்பது முதல் நாளே நடக்க வேண்டிய காரியம் இல்லை. ரிவால்வரில் வேட்டையாடுவது ரைஃபிள் வேட்டையின் சின்னத் தம்பி கிடையாது, அதைவிடக் கஷ்டம். ரைஃபிள் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகும், .44 மேக்னத்தின் பதினைந்தரை கிராம் குண்டு ஏறத்தாழ 400 மீட்டர். அந்த வேகத்தில் அதிர்ச்சியால் எதுவும் சாயாது. துளை எந்த இடத்தில் விழுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் கணக்கு. அதனால்தான் பழைய கைகள் முனை தட்டையான, கனமான, கெட்டியான ஈயக் குண்டைப் போடுகிறார்கள். அது விரியாமல் குறுக்கே ஊடுருவிப் போகும். வயசான ஆண் பன்றிக்குத் தோள் மேல் தடித்த ஒரு கேடயமே இருக்கும், லேசான குண்டு அதிலேயே நின்றுவிடும். பன்றியின் இதயம் நாம் நினைப்பதைவிடக் கீழே, முன்னால் தள்ளி இருக்கிறது, மான் சுட்டுப் பழகியவர்கள்கூடக் கொஞ்சம் பின்னால் சுட்டுவிட்டு இரவெல்லாம் தேடுவார்கள்.

எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் காகிதத் தட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். மேஜையில் சாய்ந்துகொண்டு இல்லை, காட்டில் எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, முழங்காலிலோ குச்சியிலோ கையைத் தாங்கிக்கொண்டு, ஐந்து குண்டும் தட்டில் விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். புதியவருக்கு அது இருபது, இருபத்தைந்து மீட்டராக இருக்கும். நன்றாகப் பழகினவர்களே நூறு மீட்டருக்குள் நின்றுவிடுகிறார்கள். இரும்புத் தகட்டு ஆட்டுக்கடாவை 200 மீட்டரில் ரிவால்வரால் சாய்க்கிற சிலுவெட் போட்டி 1970களிலிருந்து நடக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் தகடு காயத்தோடு புதருக்குள் ஓடுவதில்லை.

திரும்பி வரும்போது வாங்கிக்கொண்டு வரலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். உரிமமும் சுங்க அனுமதியும் முன்கூட்டியே கையில் இல்லாமல் ஒரு திருகுகூடப் பெட்டியில் வரக் கூடாது.

கேள்வி: ஆஸ்டினில் இருக்கும் தம்பி என்னை .44 சுடக் கூட்டிப்போகிறேன் என்கிறான். நான் ஐந்தடி உயரம், கை சின்னது. மணிக்கட்டு உடைந்துவிடும் என்று வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். (பல் மருத்துவர், ஜெயநகர்)

முதலில் மேலே உள்ள பதிலைத் தம்பிக்கு அனுப்புங்கள், சுற்றுலா விசாவுக்கும் அதே சட்டம்தான். லைசென்ஸ் விஷயம் முடிந்தது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: மணிக்கட்டு உடையாது. உங்களைவிடச் சின்னக் கைக்காரர்கள் அழகாகச் சுடுவதை அரிசோனாவில் வேலை பார்த்த நாட்களில் பார்த்திருக்கிறேன், பெரிய புஜத்தோடு வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சுடுவதையும் பார்த்திருக்கிறேன்.

சிங்கிள் ஆக்‌ஷனின் பிடி ஏர்க்கலப்பையின் மேழி மாதிரி வளைந்திருக்கும். சுடும்போது உதை நேராக உள்ளங்கையில் இடிக்காமல், பிடி கைக்குள் உருண்டு குழல் மேலே எழும்பும். எழும்பட்டும், விடுங்கள். இரும்புப் பிடியாகப் பிடித்து அதைக் கீழேயே நிறுத்தப் பார்ப்பவர்களுக்குத்தான் மணிக்கட்டு வலி. இரண்டு கையால் உறுதியாகப் பிடியுங்கள், முழங்கையைப் பூட்டாமல் கொஞ்சம் மடங்க விடுங்கள். பழைய சூப்பர் பிளாக்ஹாக்கில் டிரிகர் வளையத்தின் பின்பக்கம் சதுரமாக இருக்கும், அது நடுவிரல் முட்டியில் நன்றாகக் குட்டும். உங்களுக்கு விரல்தான் முதலீடு, அதனால் விரல் முட்டிக்கு இடம் விடும் பிஸ்லி பிடி போட்ட ரிவால்வர் இருந்தால் அதைக் கேளுங்கள்.

தம்பி அன்று .44 மேக்னத்தையே முதலில் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதே உருவத்தில் .22 ரிவால்வர் இருக்கிறது, அதில் நாலைந்து சிலிண்டர். பிறகு .44 மேக்னம் ரிவால்வரிலேயே .44 ஸ்பெஷல் தோட்டாவைப் போடலாம், நீளம் குறைவு, உதை பாதிகூட இருக்காது. (ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னம் போகாது, அது ஒரு வழிப் பாதை.) அதற்கப்புறம் மேக்னம், அதுவும் ஒரு தோட்டா மட்டும் போட்டு. அன்றைக்கு ஐந்தாறு சுட்டதும் நிறுத்திவிடுங்கள், இன்னும் ஆசை மிச்சம் இருக்கும்போதே.

உதையைவிடப் பெரிய எதிரி, உதை வரப்போகிறதே என்று கை முன்கூட்டியே துள்ளுவது. அதைக் கண்டுபிடிக்கத் தம்பியை சிலிண்டரில் சில அறையில் தோட்டாவும் சில அறையில் காலி உறையும் உங்களுக்குத் தெரியாமல் போடச் சொல்லுங்கள். காலி அறையில் ஹேமர் விழும்போது குழல் முனை கீழே குத்தினால் விஷயம் தெரிந்துவிடும். எத்தனை பெரிய வீரரானாலும் இந்தச் சோதனையில் முகம் சிவக்கும்.

காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மஃப், இரண்டும் சேர்த்துப் போடுங்கள், ஒன்று போதாது. கண்ணாடி கட்டாயம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு, அது வழியாகக் கொதிக்கும் வாயுவும் ஈயத் துணுக்கும் பக்கவாட்டில் சீறும். இடது கை விரல் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

கேள்வி: உலகத்திலேயே பவர்ஃபுல் ரிவால்வர் எது? (கல்லூரி மாணவர், ஃபிரேசர் டவுன்)

இந்தக் கேள்வி வராமல் இருக்காது என்று தெரியும். கடையில் கிடைப்பவற்றில் 2003ல் வந்த ஸ்மித் அண்டு வெஸ்ஸன் .500 மேக்னம், .44 மேக்னத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் ஆற்றல். அது டபுள் ஆக்‌ஷன். சிங்கிள் ஆக்‌ஷனில் வயோமிங் மாநிலத்து ஃப்ரீடம் ஆர்ம்ஸ் 1983ல் .454 கசூலுக்குச் செய்த ஐந்து குண்டு ரிவால்வர் மேல் எனக்குப் பிரியம், கடிகாரம் செய்கிறவர்கள் செய்த மாதிரி பொருத்தம். ரைஃபிளுக்கான .45-70 தோட்டாவையே ரிவால்வரில் போட்டுச் சுடும் பி.எஃப்.ஆர். ஒன்றும் இருக்கிறது, அதை வேட்டைக்கு என்பதைவிட வேடிக்கைக்கு என்றுதான் சொல்வேன்.

தம்பி, ஒன்று மட்டும். பெரிய டபுள் ஆக்‌ஷனைப் புதியவர் கையில் முழு சிலிண்டரோடு கொடுத்தால், முதல் குண்டின் உதையில் கை தன்னையறியாமல் இறுகி இரண்டாவது குண்டும் வெடித்துவிடலாம், அப்போது குழல் அவர் தலையைப் பார்த்துக்கூட இருக்கும். சிங்கிள் ஆக்‌ஷனில் ஹேமரை மறுபடி இழுக்காமல் அது நடக்காது.

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் ராகி. பன்றி ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. பெரிய ரிவால்வர் லைசென்ஸ் கிடைத்தால் வாரக்கடைசியில் நானே போய்ப் பார்த்துக்கொள்வேன். (கே.ஆர். புரம் வாசகர்)

கோபம் புரிகிறது, ஆனால் இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் விளையாட்டு வேட்டைக்கு இப்போது இடம் இல்லை. தமிழ்நாட்டில் 2025ல் அறிவித்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது சுடவும் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடிக்கலாம், மூன்றுக்கு வெளியே சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவர் உத்தரவில் லைசென்ஸ்காரர்கள் சுடுகிறார்கள், அந்த வசதி உங்களுக்கு இல்லை. நஷ்ட ஈட்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள், பயிர் நின்ற இடத்தை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். வேலியில் நேராக மின்சாரம் விடும் யோசனை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், உங்கள் பக்கம் யானை நடமாடும் ஊர், மனிதர்களும் சாகிறார்கள்.

கேள்வி: கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் .455 வெப்லி ரிவால்வர் ஒன்று கிடைத்தது. லைசென்ஸ் புத்தகம் பழையது, தாத்தா இல்லை. நினைவாக வைத்துக்கொள்ளலாமா? (அல்சூர் வாசகி)

கூடாது அம்மா. .455 தடை ரகம், லைசென்ஸ் தாத்தாவோடு முடிந்துவிட்டது, இன்று அது உங்கள் வீட்டில் இருப்பதே குற்றம், சிறைத் தண்டனை உண்டு. நினைவுப் பொருள் என்றாலும் சட்டத்துக்கு அது துப்பாக்கிதான். பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஒரு வக்கீலோடு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் மனுப் போட வழி உண்டு, ஆனால் தடை ரகத்துக்கு அனுமதி டெல்லியில் உள்துறை அமைச்சகத்திலிருந்துதான் வர வேண்டும், பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். எடுத்துத் துடைத்து, சுற்றிப் பார்த்து, ஹேமரை இழுத்து விளையாட வேண்டாம், உள்ளே தோட்டா இருக்கலாம்.

கேள்வி: அமெரிக்க ரேஞ்சில் சுட்ட ஒரு காலி உறையைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு வந்தால் கெம்பேகௌடா விமான நிலையத்தில் பிடிப்பார்களா? (பெயர் வேண்டாம், எலெக்ட்ரானிக் சிட்டி)

எக்ஸ்ரேயில் தெரிந்தால் ஓரமாக நிற்க வைப்பார்கள், அதற்காக ஒரு விமானத்தைத் தவற விடுவீர்கள். இதைவிட மோசமானது, ரேஞ்சுக்குக் கொண்டுபோன அதே பையின் மூலையில் சுடாத தோட்டா ஒன்று தங்கிவிடுவது. அது ஆயுதச் சட்டத்தின் 25வது பிரிவு, எஃப்.ஐ.ஆர். உறுதி. வைத்திருப்பது தெரிந்தே இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லியிருக்கிறது, அதை வைத்து உயர் நீதிமன்றங்களில் பல வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன. ஆனால் அதற்குள் பாஸ்போர்ட், வேலை, வக்கீல் ஃபீஸ் எல்லாம் ஒரு சுற்று சுற்றிவிடும். ரேஞ்சுக்கு வேறு பை, பயணத்துக்கு வேறு பை. உறையை அங்கேயே விட்டுவிட்டு, ஓட்டை விழுந்த காகித இலக்கை மடித்து எடுத்து வாருங்கள், அதற்கு யாரும் கேஸ் போட மாட்டார்கள்.